ரத்தத்தில் ஊறிய வணிகமும் இருபது நிமிட நேர்காணலும்

செட்டிநாட்டுக் கண்டனூர்ப் பிள்ளைகள் ஆன்லைன் விற்பனை நிறுவனங்களின் நேர்காணல்களில் ஏன் தோற்கிறார்கள் என்பதை விளக்கி, மனிதவள ஆலோசகர் ஒருவர் வணிக மலர் ஒன்றில் எழுதியிருக்கும் கட்டுரை இப்போது காரைக்குடி வட்டாரத்தில் பயபக்தியோடு படிக்கப்படுகிறது. நகலெடுத்து என்னிடம் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். “ரொம்பச் சிந்திக்க வைக்குதுங்க” என்றார். சிந்தித்தேன். அதன் விளைவு இந்த எதிர்வினை.

எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வடிவில் முதலில் எடுத்துரைத்துவிட்டுத்தான் மறுக்கத் தொடங்க வேண்டும் என்பது நம் தர்க்க மரபு. சிவஞான சித்தியார் இதற்கென்றே பரபக்கம் என்று தனிப் பகுதி வைத்திருக்கிறது. அந்த மரியாதைக்கு ஆலோசகரின் கட்டுரை தகுதியானதுதானா என்ற ஐயம் எனக்கு உண்டு என்றாலும், மரபை மீறுவானேன்? அவர் சொல்வது இது: வணிகம் செட்டிநாட்டு ரத்தத்தில் ஊறியது, ரங்கூனையும் பினாங்கையும் கட்டியாண்ட மூளை இங்கே பிறந்தது, ஆனால் இன்றைய இளைஞர்களுக்குப் பேச்சு வரவில்லை, எண்ணறிவு இல்லை, பிராண்ட் ரசனை இல்லை, உள்ளத்தில் வேட்கையும் இல்லை, எனவே சரக்கைத் தேர்ந்து விலை வைத்து விற்பனைக்கு அடுக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே உதிர்ந்துவிடுகிறார்கள், நேர்காணலோ ஊரும் பேரும் பார்க்காத துலாக்கோல், ஆகவே குற்றம் பிள்ளைகளுடையது, ஆகவே அவர்களுக்குப் பயிற்சி தேவை. பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. கட்டுரையின் அடியில் அவரே கைபேசி எண் தந்திருக்கிறார்.

ரத்தத்திலிருந்தே தொடங்குவோம், அவர் அங்கிருந்துதான் தொடங்குகிறார். வணிகத் திறமை ரத்தத்தில் இருப்பது உண்மையானால், அதே ரத்தத்தின் பேரப்பிள்ளைகளிடம் அது எப்படிக் காணாமல் போனது? காணாமல் போயிருப்பது உண்மையானால், அது ரத்தத்தில் இருந்ததில்லை என்றுதானே ஆகிறது? ஒரே பத்தியின் தலையில் ஒன்றும் வாலில் மற்றொன்றுமாக எழுதிவிட்டு இரண்டுக்கும் நடுவில் ஓர் ‘ஆனால்’ போட்டால் முரண்பாடு தீர்ந்துவிடும் என்று அவர் நம்புகிறார். மணிமேகலையின் அளவைப் பகுதி ஏதுப்போலிகளையும் எடுத்துக்காட்டுப் போலிகளையும் வகைவகையாகப் பிரித்துப் பட்டியலிட்டிருக்கிறது. ஆலோசகர் ஒரே வாக்கியத்தில் இரண்டு வகைக்கும் உதாரணம் கொடுத்துத் தமிழ் மாணவர்களின் சிரமத்தைக் குறைத்திருக்கிறார். போதாததற்கு, ப. சிதம்பரம் பிறந்த ஊர் இது என்று வேறு நினைவூட்டுகிறார். முன்னாள் நிதியமைச்சர் பிறந்த ஊர் என்பதற்காக மற்றப் பிள்ளைகளும் கையில் ஐந்தொகையோடு பிறக்க வேண்டுமா?

பர்மாவைப் பற்றி அவ்வளவு உருகுகிறாரே, அங்கே என்ன நடந்தது என்று அவர் வாசித்திருக்கிறாரா? 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. அப்போது அந்நாட்டின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த விளைநிலம் நூற்றுக்கு 6 பங்கு. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய உழவர்கள் கட்ட முடியாமல் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 6 என்பது 25 ஆயிற்று. பார்க்கிறவனுக்கு அது செல்வம். ரொக்கத்தைச் சுழற்றிப் பிழைக்கிற லேவாதேவிக்காரருக்கு அது முடக்கம். ஆலோசகரின் சொந்தப் பாஷையில் சொன்னால், டெட் ஸ்டாக். வாங்க ஆளில்லாத சரக்கைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963-ல் வங்கிகளும் நாட்டுடைமையாயின. இடைப்பட்ட முப்பது சொச்ச ஆண்டுகளில் யாருடைய ரத்தமும் மாறவில்லை. மாறியது நெல்லின் விலையும் அரசாங்கங்களும்தான். ஒரு சமூகம் எழுந்ததற்கும் விழுந்ததற்கும் உள்ள பொருளாதாரக் காரணங்களையெல்லாம் துடைத்துவிட்டு ரத்தப் பரிசோதனையில் இறங்குவதற்குப் பெயர் வரலாற்று அறிவா?

அந்தக் காலத்து ஆளெடுப்பு முறை எப்படி இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். ஆலோசகர் அதைத் தொடவே இல்லை, தொட்டால் கட்டுரை சாய்ந்துவிடும் என்பதால் இருக்கலாம். மீசை அரும்புமுன்பே பையனைக் கொண்டுபோய்க் கடையில் விட்டார்கள். பெட்டியடிப் பையனாக அவன் எடுபிடி செய்தான், குறிப்பு எழுதினான், குறிப்பிலிருந்து பேரேட்டில் ஏற்றினான், வட்டிக் கணக்கில் காலணா பிசகினால் மறுபடி முதலிலிருந்து போட்டான். பிறகு அடுத்தாள் ஆனான். அதன்பிறகே மேலாள். சம்பளச் சீட்டு எழுதி மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் கடந்து போய், தவணை முடிவில் ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைத்தபோது அவன் யார் என்பது தெரிந்தது. உன்னைப் பற்றிச் சொல் என்று அவனை யாரும் கேட்கவில்லை, ஐந்தாண்டு கழித்து உன்னை எங்கே காண்கிறாய் என்றும் கேட்கவில்லை. வேலையைக் கொடுத்து, வேலையில் வைத்துப் பார்த்தார்கள். எந்த மரபைத் தூக்கிப் பிடித்து இன்றைய பிள்ளைகளை ஆலோசகர் அடிக்கிறாரோ, அந்த மரபு அவர் காத்துநிற்கும் நேர்காணலுக்கு நேர் எதிரானது.

உடனே, ஆகா பொற்காலம் என்று யாரும் கண்கலங்க வேண்டாம். அந்தப் பெட்டியடியில் உட்கார யாருக்கு இடம் கிடைத்தது? உறவுக்காரப் பையனுக்கும் பங்காளி வீட்டுப் பையனுக்கும், கோயில் வழி தெரிந்த குடும்பத்துப் பையனுக்கும். அதே வளவில் தண்ணீர் சுமந்தவரின் மகனுக்கோ, தேக்குத் தூண் இழைத்த ஆசாரியின் மகனுக்கோ, எந்த வீட்டுப் பெண்ணுக்கோ அந்த இடம் கிடைக்கவில்லை. பயிற்சி முறை அருமையானது, வாசல் மிகக் குறுகியது. ஆலோசகர் செய்திருக்கும் காரியத்தைக் கவனியுங்கள்: அருமையான பயிற்சியை மறந்துவிட்டு, குறுகிய வாசலை மட்டும் ‘ரத்தம்’ என்ற பெயரில் எடுத்து வைத்துக்கொண்டார். இன்று கண்டனூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் விண்ணப்பிக்கிற பிள்ளைகளில் பெரும்பகுதி யாருடைய பிள்ளைகள்? அரிசி ஆலையில் எடை போடுகிறவர், கொத்து வேலை பார்க்கிறவர், தறி நெய்கிறவர் ஆகியோரின் பிள்ளைகள். பூட்டிய பெரிய வீடுகளின் வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வேலை வேண்டியதில்லை. ஆக, யாருடைய தாத்தா ரங்கூனுக்குப் போகவே இல்லையோ அந்தப் பிள்ளையைப் பார்த்து, உன் தாத்தாவின் ரத்தம் எங்கே என்று கேட்கிறார் நம் ஆலோசகர். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? முகவரி தப்பிப்போன கடிதத்தைத் திருப்பி அனுப்புவதைத் தவிர.

அடுத்தது பேச்சு. இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஆலோசகரை மகிழ்விக்க அல்ல. சூரத்திலும் திருப்பூரிலும் உள்ள சப்ளையர்களோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்ட வேண்டிய வேலைக்குப் பிழையில்லாத நாலு வரி ஆங்கிலம் தேவை. அது வேறு. அவர் கட்டுரையில் ‘தகவல்தொடர்புத் திறன்’ என்று வரும் இடங்களையெல்லாம் உருவி எடுத்துப் பார்த்தால், அவை சுட்டுவது பெங்களூருக் காப்பிக் கடையில் பேசப்படும் ஓர் உச்சரிப்பை. சப்ளையருக்கு உச்சரிப்பு எதற்கு? ஆன்லைன் சரக்குப் பக்கத்தில் எழுதப்படும் விவரத்துக்கு ஏற்ற இறக்கம் உண்டா?

கண்டனூர்ப் பெண் ஒருத்தியைத் தெரியும். பெயர் வேண்டாம். பி.காம். படித்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு சேலைக் கடையின் ஆன்லைன் விற்பனையைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டாங்கிச் சேலைதான் முக்கியச் சரக்கு. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்களும் பெயர் சொல்லித் தேடத் தொடங்கியிருந்தார்கள். தேடி வாங்கினார்கள், வாங்கித் திருப்பினார்கள். ஏன் திருப்புகிறார்கள் என்று அந்தப் பெண் துருவியது எனக்கு இன்றும் வியப்பு. கட்டம் போட்ட சேலையைத் தள்ளி நின்று கைபேசியில் எடுத்தால் சின்னக் கட்டங்கள் திரையில் அலையடிக்கும். வாங்குகிறவருக்குத் துணியில் ஏதோ கோளாறு என்று தோன்றும். டியூப்லைட்டில் எடுத்தால் அரக்கு நிறம் கத்தரிப்பூவாகத் தெரியும். அதனால் விரித்த சேலை ஒன்றும் முந்தானை அருகில் ஒன்றும் கட்டத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒன்றுமாக, காலை வெயில் சரிந்து விழும் வளவில் வைத்துத்தான் எடுப்பாள். புதுக் கண்டாங்கி முறுக்காக இருக்கும், இரண்டு மூன்று சலவைக்குப் பிறகுதான் உடம்போடு ஒட்டும். இதை மறைத்து ‘மிருதுவான பருத்தி’ என்று எழுதுவதுதான் ஊர் வழக்கம். அவளோ முதல் வரியிலேயே ‘முதலில் விறைப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும்’ என்று எழுதினாள். முரடாக இருக்கிறது என்று திருப்புகிறவர்கள் குறைந்துபோனார்கள். சரக்கை அறிவது, வாங்குகிறவரின் ஏமாற்றத்தை முன்கூட்டியே அறிவது, இரண்டுக்கும் இடையில் ஒரு வரியை எழுதுவது. இதற்குத்தான் ஆலோசகரின் அகராதியில் தகவல்தொடர்பு என்று பெயர் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பெண்ணை ஒரு பெரிய ஆன்லைன் நிறுவனம் வீடியோவில் நேர்காணல் செய்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, எல்லாம் ஒரே அச்சு. முடிந்தபின் அவள் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “சேலையப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கலை மாமா. அப்பா என்ன செய்றாங்கன்னு கேட்டாங்க. கண்டனூர் எங்க இருக்குன்னு கேட்டாங்க. பெங்களூருக்கு வீட்ல விடுவாங்களா, கல்யாணம் எப்போன்னு கேட்டாங்க. அப்புறம் இந்தப் பேனாவ எனக்கு வித்துக் காட்டுன்னாங்க.” பேனாவை விற்றாளா என்று கேட்டேன். “ரீஃபில் என்ன விலை, திருப்பி வாங்கிக்குவீங்களான்னு கேட்டேன், சிரிச்சாங்க” என்றாள். சிரித்தவரின் மதிப்பெண் தாளில் அன்று என்ன எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிக்க முடியாதவர்கள் ஆலோசகரின் கட்டுரையை இன்னொரு முறை வாசிக்கலாம்: பேச்சு வரவில்லை.

இப்போது எண்ணறிவுக்கு வருவோம். தரவை வைத்து விலை முடிவுசெய்வது புதிய கலை, செட்டிநாட்டுக் கல்லாப்பெட்டி மனம் அதற்குப் பழக்கப்படவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடி, பணப் புழக்கத்தையும் தேவையையும் பார்த்து நடப்பு வட்டியை நிர்ணயித்தவர்கள் யார்? முந்தின பத்தியில் அவரே மாலை போட்டு வைத்திருக்கும் அதே ஆட்கள். ஒரு பத்தியில் மேதைகள், அடுத்த பத்தியில் கல்லாப்பெட்டி மனத்தினர். கட்டுரையை எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு உண்டா?

ஜிஎம்ஆர்ஓஐ என்ற எழுத்துக் கூட்டம் தெரியாமல் விழித்த ஒரு மாணவரைக் காட்டி எள்ளுகிறார். அது என்ன பிரம்ம ரகசியம்? சரக்கில் முடங்கியிருக்கும் ஒரு ரூபாய், ஆண்டுக்கு எவ்வளவு மொத்த லாபம் ஈட்டியது என்ற கணக்கு. புதுவயல் அரிசி மண்டியில் கணக்குப் பார்க்கிறவரிடம் இதைத் தமிழில் கேட்டால், மூட்டை எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார். கேள்வியைச் சுருக்கெழுத்தில் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் அறிவில்லை என்று முடிவு கட்டுவது எண்ணறிவுத் தேர்வாகாது. சங்கேதச் சொல் தெரிந்தவரை மட்டும் உள்ளே விடும் காவலாளியின் வேலை அது.

மெர்ச்சண்டைசரின் எண்ணறிவை உண்மையிலேயே சோதிக்க வேண்டுமென்றால் அரை மணி நேரக் கணக்கு ஒன்று போதும். சேலையின் அடக்கவிலை 900 ரூபாய், விற்பனை விலை 1,500 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 50 சேலை போகிறது, 5 திரும்பி வருகிறது, திரும்பும் ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்தும் மறு இஸ்திரியுமாக 150 செலவு. 45 சேலைக்கு 600 வீதம் 27,000; திரும்பியதற்கு 750 போக, மிச்சம் 26,250. இப்போது பெங்களூரிலிருந்து ஓர் உத்தரவு வருகிறது: 20 சதவீதத் தள்ளுபடி போடு. விலை 1,200 ஆகிறது, ஒரு சேலைக்கு லாபம் 300, அதாவது பாதி. விற்பனை இரட்டித்து 100 சேலை போகிறது, கூட்டத்தில் கைதட்டல். ஆனால் தள்ளுபடிக்கு வருகிறவர் பார்த்துப் பொறுக்கி வாங்குகிறவர் அல்லர், 25 திரும்பிவிடுகிறது. 75 சேலைக்கு 22,500. திரும்பியதற்கு 3,750 கழித்தால் 18,750. விற்பனை இரு மடங்கு, மிச்சத்தில் 7,500 ரூபாய் துண்டு. இந்தக் கணக்கைத் தாளில்லாமல் சொல்லக்கூடிய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். தள்ளுபடித் திருவிழாக்களை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக்கிக்கொண்டே போகும் துறையில் இப்படிக் கணக்குப் போடுகிறவரை ஏன் தேடி எடுப்பதில்லை என்பது சுவாரசியமான கேள்வி. தேடி எடுத்தால் கூட்டத்தில் கைதட்டல் குறைந்துவிடுமோ?

ரசனை பற்றிய பகுதியை ஒரே தாவலில் கடந்துவிடலாம். மால் பார்க்காதவருக்கு மெர்ச்சண்டைசிங் கண் வராதாம். ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணையில் வளர்ந்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர்கள் எனாமல் தூக்குச் சட்டியையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எந்த வரிசையில் வைத்தால் வெளிநாட்டுக்காரர் நிற்பார் என்று யோசித்து அடுக்குவதைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குக் கண் இல்லை. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் மின்படி ஏறியவருக்குக் கண் உண்டு. கோட்டையூரில் இருந்துகொண்டு ரோஜா முத்தையா ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வகைப்படுத்தி வைத்தார், பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மதித்து வாங்கியது. அவரும் மால் பார்த்ததில்லை. மேலே போவோம்.

நேர்காணல் ஊர் பேர் பார்க்காத துலாக்கோல் என்ற கூற்று கட்டுரையின் மூலஸ்தானம். இதற்குச் சான்று என்ன காட்டுகிறார்? தாம் பல ஆண்டுகளாக நேர்காணல் செய்வதாகவும், ஆளைப் பார்த்ததும் தமக்குத் தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார். துலாக்கோல் தன்னைப் பற்றித் தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்று எந்தச் சந்தையில் செல்லும்? ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஆளெடுப்பு ஆய்வாளர் பால் சாக்கெட்டும் அவர் கூட்டாளிகளும் 2022-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மறுபடி கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்பே வகுத்த ஒரே மதிப்பெண் முறை என்று நடத்தும் நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.42. மனம்போன போக்கில் பேசி ஆளை எடைபோடும் நேர்காணலுக்கு அது 0.19. ஆலோசகர் ‘என் அனுபவம்’ என்று பெருமைப்படுவது இந்த இரண்டாவதைத்தான்.

இன்னொரு சம்பவமும் உண்டு, மருத்துவக் கல்லூரி சம்பந்தப்பட்டதென்றாலும் ஆணவத்துக்குத் துறை வேறுபாடு ஏது? 1979-ல் ஹூஸ்டனில் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி நேர்காணல் நடத்தி 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது. பிறகு திடீரென்று இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி ஆயிற்று. நல்ல மதிப்பீடு பெற்றவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், நேர்காணலில் தள்ளப்பட்டுப் பட்டியலின் அடியில் கிடந்தவர்களை எடுக்க நேர்ந்தது. படிப்பிலும் பயிற்சியிலும் இரு சாராருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கொண்டாடித் தேர்ந்தவரும் கழித்துத் தள்ளியவரும் ஒரே தரம். நேர்காணல் குழு அத்தனை நாள் அமர்ந்து அளந்தது எதை?

எதை அளக்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. ஆய்வாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதினார்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சத்தியம் செய்த அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியை நேர்காணலில் கட்டாயம் கேட்போம் என்றும் சொல்லியிருந்தார்கள். அதே ஆண்டு அதே இதழில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும், சமமான படிப்புள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்ததன் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. இது தனியார் நிறுவனங்களில், நேர்காணல் அறையின் கதவு திறப்பதற்கும் முன்னால். மனிதரை விட்டு இயந்திரத்திடம் ஒப்படைத்தால் சரியாகிவிடும் என்று ஆலோசகர் கட்டுரையின் நடுவே ஒரு வரி தூவியிருக்கிறார். அமேசான் அப்படி ஒரு மென்பொருளை உருவாக்கியது. பழைய விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய அது, பெண்கள் என்பதைக் காட்டும் சொல் இருந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. கடைசியில் அதைக் கைவிட்டார்கள், 2018-ல் ராய்ட்டர்ஸ் அந்தச் செய்தியை வெளியிட்டது. முகபாவத்தை அலசி ஆளை மதிப்பிட்ட ஹயர்வியூ நிறுவனமும் 2021 தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டதாக அறிவித்தது. பழக்கியவரின் புத்திதானே பழகியதற்கும் வரும்? அப்பா என்ன செய்கிறார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்டது தற்செயல் என்று இனியும் யாராவது நம்பினால், அவர் ஆலோசகரிடம் பயிற்சிக்குச் சேரத் தகுதியானவர்.

வள்ளுவரையும் விட்டுவைக்கவில்லை. தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, ஆளைச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டாரே என்கிறார். சொன்னார், எப்படிச் சோதிக்கச் சொன்னார்? ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாக அந்த அதிகாரம் வைக்கிறது. முதல் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கிலும் ஆட்களை ஏவிச் சூழ்நிலை உண்டாக்கி அரசன் சோதிக்கும் விதத்தை விரித்துச் சொல்கிறார். அது செய்துகாட்டும் தேர்வு; பேசிக்காட்டும் தேர்வாக அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அதிகாரத்தின் பெயர் தெரிந்து வினையாடல், வேலையை உரியவரிடம் ஒப்படைப்பது பற்றியது. ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும், அவர் கட்சி அவர் கையாலேயே உடைந்திருக்கும். பக்கம் புரட்டாதது சோம்பலா, சாமர்த்தியமா?

கடைசியாக வேட்கை. இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளே நெருப்பு இல்லையாம். காலை முழுதும் கடையில் சேலை மடித்து, மதியம் பார்சல் கட்டி, இரவு கைபேசித் தரவைத் தீர்த்துக்கொண்டு வகுப்புக் காணொளி பார்க்கிற பிள்ளை, வேலை கேட்கும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் அது வேட்கைக் குறைவு. கேட்காமல் இருந்தால் தன்னம்பிக்கைக் குறைவு. இரண்டு பக்கமும் கூர் உள்ள இந்தக் கத்தியை அவர் எதற்காகத் தீட்டுகிறார் என்பது கட்டுரையின் கடைசி வரியில்தான் விளங்குகிறது. நோயைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பொய்யானாலும் மருந்துக்கு விலை மட்டும் உறுதியாக உண்டு. குறை நேர்காணலில் இருந்தால் திருத்த வேண்டியவை நிறுவனங்கள். நிறுவனங்களிடம் அதைச் சொன்னால் ஆலோசகருக்கு அடுத்த அழைப்பு வராது. குறை பிள்ளைகளிடம் இருந்தால் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் பெற்றோர்கள். அவர்கள் நகையை அடகு வைத்தாவது கட்டுவார்கள். ஒரே ஆள் நிறுவனத்துக்கு ஆளெடுத்துக் கொடுக்கிறார், தோற்ற பிள்ளைக்குப் பயிற்சியும் விற்கிறார். தோல்வி குறைந்தால் இவர் வருமானம் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசே கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. பயிற்சியின் அவசியம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், கட்டணமில்லாத அந்த வழியைப் பற்றி ஒரு வரி எழுத மறந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் தந்த நகலோடு இந்தப் பயிற்சிக்கான துண்டறிக்கையும் இருந்தது. கட்டணம் பத்தாயிரம் ரூபாய். முதலில் சேருவோருக்கு 50 சதவீதத் தள்ளுபடி, செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதன்மேல் மேலும் 20 சதவீதம், ஆக மொத்தம் 70 சதவீதத் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டு, கட்ட வேண்டிய தொகை 4,000 என்று முடித்திருக்கிறார். பத்தாயிரத்தில் பாதி போக ஐயாயிரம், அதில் 20 சதவீதம் போக நாலாயிரம், தொகை சரி. ஆனால் அது 60 சதவீதம். சொன்னபடி 70 என்றால் 3,000 அல்லவா வாங்க வேண்டும்? எண்ணறிவு இல்லாத எங்கள் பிள்ளைகளில் யாராவது ஏற்கெனவே சேர்ந்திருந்தால், துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கேட்கட்டும்.